அமெரிக்காவில் ஆயுதம் ஏந்தும் உரிமை: இரண்டாம் திருத்தம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஏதோ ஒரு பள்ளியில் துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்தால் போதும், "இதை ஏன் தடை செய்யமாட்டேன் என்கிறார்கள்?" என்ற கேள்வி இங்கே எழுந்துவிடும். பதிலாக "இரண்டாம் திருத்தம்" என்று யாராவது சொல்வார்கள்; பேச்சு அதோடு நின்றுவிடும். ஆனால் அமெரிக்க அரசமைப்பில் சேர்க்கப்பட்ட அந்தத் திருத்தத்துக்கு என்ன பொருள் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னதே 2008இல்தான். சொன்ன பிறகும் தகராறு ஓயவில்லை, வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது.

அந்தத் திருத்தம் என்னதான் சொல்கிறது?

ஒரே வாக்கியம். ஆங்கிலத்தில் 27 சொற்கள். 1791 டிசம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்த உரிமைகள் சாசனத்தின் (அரசமைப்பின் முதல் பத்துத் திருத்தங்கள்) பகுதி. தமிழில் ஏறத்தாழ இப்படி வரும்: "நன்கு ஒழுங்குபடுத்தப்பட்ட குடிப்படை சுதந்திர அரசு ஒன்றின் பாதுகாப்புக்கு அவசியமாயிருக்க, ஆயுதங்களை வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படலாகாது."

குடிப்படை என்பது ஊர்மக்களே தேவைப்படும்போது திரண்டு வரும் படை. வாக்கியத்தின் முன்பாதி அந்தப் படையைப் பேசுகிறது, பின்பாதி மக்களின் உரிமையைப் பேசுகிறது. முன்பாதி பின்பாதிக்குக் கடிவாளமா, வெறும் முகவுரையா? வழக்கு முழுவதும் இதிலிருந்து கிளைத்ததுதான்.

இப்படி ஒரு வாக்கியத்தை எதற்காக எழுதினார்கள்?

அச்சத்தால். 1775 ஏப்ரல் 19 அன்று பாஸ்டனிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் படை, கான்கார்டு என்ற ஊரில் குடியேற்றவாசிகள் சேர்த்துவைத்திருந்த ஆயுதங்களையும் வெடிமருந்தையும் கைப்பற்றத்தான் போனது. விடுதலைப் போர் அங்கே வெடித்தது. போர் முடிந்து புதிய அரசமைப்பு எழுதப்பட்டபோது, நிரந்தர ராணுவம் வைத்துக்கொள்ளும் அதிகாரமும் குடிப்படைகளை ஒழுங்குபடுத்தும் அதிகாரமும் மத்திய அரசுக்குப் போயின. நாளைக்கு மத்திய அரசே மாநிலங்களின் குடிப்படைகளை நிராயுதபாணியாக்கினால் என்ன செய்வது என்று பலர் கேட்டார்கள். தெற்கு மாநிலங்களுக்கு இன்னொரு கவலையும் இருந்தது: அடிமைகளின் கிளர்ச்சியை அடக்க அவர்கள் நம்பியிருந்ததும் இதே குடிப்படையைத்தான்.

1789இல் ஜேம்ஸ் மேடிசன் கொண்டுவந்த முதல் வரைவில், மத நம்பிக்கையின் பேரில் ஆயுதம் ஏந்த மறுப்பவர்களைப் படைப்பணிக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற ஒரு தொடரும் இருந்தது. பிற்பாடு அது நீக்கப்பட்டது. குடிப்படை தொடர்பாகத்தான் இந்த உரிமையே எழுந்தது என்பவர்கள் இந்த வரைவை விடாமல் காட்டுவார்கள்.

1792இல் வந்த குடிப்படைச் சட்டத்தைப் படித்தால் அந்தக் காலம் கண்முன் நிற்கும். 18 முதல் 45 வயதுக்குட்பட்ட, உடல்வலுவுள்ள ஒவ்வொரு வெள்ளை ஆண் குடிமகனும் ஆறு மாதத்துக்குள் ஒரு நல்ல மஸ்கெட் துப்பாக்கி, அதன் முனையில் செருகும் ஈட்டி, உதிரிச் சிக்கிமுக்கிக் கற்கள் இரண்டு, 24 தோட்டாக்கள் கொள்ளும் பை ஒன்று ஆகியவற்றைத் தானே தேடி வைத்துக்கொள்ள வேண்டும். அழைத்தால் அவற்றோடு வந்து அணிவகுப்பில் நிற்க வேண்டும். உரிமையைவிடக் கடமையின் வாடைதான் இதில் தூக்கல்.

எதிரெதிர் வாசிப்புகள் இரண்டு என்கிறார்களே, அவை என்ன?

குடிப்படையில் பணிபுரிவதற்காக மட்டுமே ஆயுத உரிமை என்பது ஒன்று. குடிப்படை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தனிமனிதர் ஒவ்வொருவருக்கும் அந்த உரிமை உண்டு என்பது மற்றது.

முதல் தரப்பின் பலம் அந்த முன்பாதிதான். உரிமைகள் சாசனத்தில் வேறெந்த உரிமைக்கும் இப்படி ஒரு காரணம் முன்னால் வைக்கப்படவில்லை. "ஆயுதம் ஏந்துதல்" என்ற தொடரும் அன்றைய எழுத்துகளில் பெரும்பாலும் போர்ச்சேவையைக் குறித்தே வந்தது.

இரண்டாம் தரப்பின் பலம் "மக்கள்" என்ற சொல். முதல் திருத்தத்தில் கூட்டம் கூடும் உரிமையும், நான்காம் திருத்தத்தில் நியாயமின்றி வீடு சோதனையிடப்படாத உரிமையும் "மக்களுக்கு" என்றுதான் எழுதப்பட்டுள்ளன. அங்கெல்லாம் தனிமனிதரைக் குறிக்கும் சொல் இங்கு மட்டும் படைப்பிரிவைக் குறிக்குமா என்கிறார்கள். மேலும் 1776இல் பென்சில்வேனியா எழுதிய அரசமைப்பு, "தங்களையும் மாநிலத்தையும்" காத்துக்கொள்ள ஆயுதம் ஏந்தும் உரிமை என்று இரண்டையும் சேர்த்தே சொன்னது. 1689இல் இங்கிலாந்தின் உரிமைச் சாசனம் புராட்டஸ்டண்டு குடிமக்களுக்கு, அவரவர் நிலைக்கேற்ப, சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு ஆயுதம் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது.

இரண்டுமே நேர்மையான வாசிப்புகள்தான். ஒரு பக்கத்தார் முட்டாள்கள் என்றோ விலைபோனவர்கள் என்றோ நினைத்தால் இந்த வழக்கு புரியவே புரியாது.

2008 வரை உச்ச நீதிமன்றம் என்ன செய்துகொண்டிருந்தது?

பெரும்பாலும் ஒதுங்கியிருந்தது. 1876இல் க்ரூக்ஷாங்க் வழக்கில், இந்தத் திருத்தம் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தும் என்றது. அந்த வழக்கின் பின்னணி 1873இல் லூசியானாவின் கோல்ஃபாக்ஸ் ஊரில் கறுப்பின மக்களை வெள்ளையர் கும்பல் கொன்று குவித்த படுகொலை. குற்றவாளிகள் தப்பியதற்கு அந்தத் தீர்ப்பே வழிவிட்டது.

அடுத்தது 1939இன் மில்லர் வழக்கு. ஜாக் மில்லர், ஃபிராங்க் லேட்டன் என்ற இருவர் குழல் குறுக்கப்பட்ட ஷாட்கன் ஒன்றை ஓக்லஹோமாவிலிருந்து ஆர்கன்சாவுக்குக் கொண்டுபோய்ப் பிடிபட்டார்கள். 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைப் பதிவு செய்து 200 டாலர் வரி கட்டியிருக்க வேண்டும். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது அவர்கள் தரப்பில் யாருமே வந்து வாதாடவில்லை; எழுத்துபூர்வ வாதமும் இல்லை. தீர்ப்பு வருமுன்பே மில்லர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அரசு வழக்கறிஞர் மட்டும் பேச, நீதிமன்றம் சுருக்கமாக முடித்தது: இத்தகைய துப்பாக்கிக்கும் ஒழுங்கான குடிப்படைக்கும் தொடர்பு இருப்பதாகக் காட்டப்படவில்லை, ஆகவே திருத்தம் இதைக் காக்காது.

ஒருதலையாகக் கேட்டு எழுதிய இந்தச் சின்னத் தீர்ப்பை வைத்துத்தான் கீழ் நீதிமன்றங்கள் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் காலம் தள்ளின. ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி வாரன் பர்கர், குடியரசுக் கட்சி அதிபரால் நியமிக்கப்பட்டவர், 1991இல் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில் தனிமனித உரிமை வாசிப்பை மக்கள்மீது செய்யப்பட்ட மோசடி என்றே சாடினார். பதினேழே ஆண்டுகளில் அந்த வாசிப்பு நாட்டின் சட்டமானது.

ஹெல்லர் வழக்கில் என்ன முடிவானது?

தலைநகர் வாஷிங்டனில் 1976 முதல் கைத்துப்பாக்கிக்குக் கிட்டத்தட்ட முழுத்தடை. மற்றத் துப்பாக்கிகளையும் வீட்டில் பிரித்தோ பூட்டியோதான் வைக்க வேண்டும். டிக் ஹெல்லர் மத்திய அரசுக் கட்டடம் ஒன்றின் காவலர். பகலில் இடுப்பில் கைத்துப்பாக்கியோடு அரசைக் காத்தவர், அதே போன்ற ஒன்றை வீட்டில் வைக்க விண்ணப்பித்து மறுக்கப்பட்டார். வழக்குத் தொடுத்தவர்கள் ஆறு பேர்; முறையாக விண்ணப்பித்து மறுப்பு வாங்கியவர் ஹெல்லர் ஒருவரே என்பதால் அவர் வழக்கு மட்டும் தாக்குப்பிடித்தது.

2008 ஜூன் 26 அன்று 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு. நீதிபதி ஸ்கலியா எழுதினார்: முன்பாதி நோக்கத்தைச் சொல்கிறது, உரிமையைச் சுருக்கவில்லை, தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைப்பது தனிமனித உரிமை. நீதிபதி ஸ்டீவன்ஸ் மாறுபட்டு எழுதினார். இருவரும் மேற்கோள் காட்டுவது ஒரே காலத்து ஆவணங்களை; போய்ச் சேருவது எதிரெதிர்த் திசைகளில்.

அப்படியானால் எவரும் எந்தத் துப்பாக்கியையும் எங்கும் கொண்டுபோகலாமா?

இல்லை. ஹெல்லர் தீர்ப்பே அதைச் சொல்லிவிட்டது. கடுங்குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர்கள், மனநோய் உள்ளவர்கள் ஆகியோருக்கான தடைகளும், பள்ளி, அரசுக் கட்டடம் போன்ற இடங்களுக்கான தடைகளும், விற்பனைக்கான நிபந்தனைகளும் இந்தத் தீர்ப்பால் ஆட்டம் காணாது என்று ஸ்கலியா எழுதினார். "ஆபத்தானதும் வழக்கத்தில் இல்லாததுமான" ஆயுதங்களுக்கும் பாதுகாப்பில்லை. பொதுவாகப் புழக்கத்தில் உள்ளவற்றுக்கே உண்டு.

இந்த அளவுகோலில் ஒரு வட்டம் இருக்கிறது. தானியங்கித் துப்பாக்கி ஏன் புழக்கத்தில் இல்லை? 1934இலும் 1986இலும் சட்டம் போட்டு முடக்கியதால். தடை செய்ததால் புழக்கத்தில் இல்லை, புழக்கத்தில் இல்லாததால் தடை செல்லும் என்றால், எந்த ஆயுதம் சட்டத்தை முந்திக்கொண்டு சந்தையைப் பிடிக்கிறதோ அதற்கே அரசமைப்புப் பாதுகாப்பு. நீதிபதி பிரையர் அன்றே இதைச் சுட்டிக்காட்டினார். அவருக்கு இதுவரை சரியான பதில் வந்ததாகத் தெரியவில்லை.

இது மாநில அரசுகளுக்கும் பொருந்துமா?

பொருந்தும். சிகாகோவின் கைத்துப்பாக்கித் தடையை எதிர்த்து ஓட்டிஸ் மெக்டொனால்டு தொடுத்த வழக்கில் 2010இல் அப்படித் தீர்ப்பானது. அங்கும் 5க்கு 4தான்.

2022இன் ப்ரூயன் தீர்ப்பு எதை மாற்றியது?

அளவுகோலையே மாற்றியது. நியூயார்க்கில் 1913 முதல் ஒரு சட்டம்: கைத்துப்பாக்கியை மறைத்து வெளியே எடுத்துச் செல்ல, பொதுவான பயம் போதாது, தனிப்பட்ட தக்க காரணம் காட்ட வேண்டும். கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி உள்ளிட்ட சில மாநிலங்களிலும் இதே போக்கு. 6க்கு 3 என்று அது செல்லாததானது. உரிமை வீட்டு வாசலோடு நிற்பதில்லை என்றார் நீதிபதி தாமஸ்.

அதைவிடப் பெரிய செய்தி வேறு. அதுவரை கீழ் நீதிமன்றங்கள் ஒரு துப்பாக்கிச் சட்டத்தைச் சீர்தூக்கும்போது, அதனால் உயிர்கள் காக்கப்படுமா, உரிமைக்கு எவ்வளவு இடைஞ்சல் என்று இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தன. இனி அந்த எடைபோடல் வேண்டாம் என்றது ப்ரூயன். இன்றைய சட்டம், நாட்டின் பழைய துப்பாக்கிக் கட்டுப்பாட்டு மரபோடு பொருந்துகிறதா என்பதை மட்டும் அரசு நிரூபிக்க வேண்டும்.

கேட்பதற்கு எளிது. ஆனால் எந்தப் பழமை? 1328இல் இங்கிலாந்தில் வந்த நார்தாம்ப்டன் சட்டம் சந்தைகளுக்கு ஆயுதத்தோடு போவதைத் தடுத்தது; அது மிகவும் பழையது என்று தள்ளப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேற்குப் பிரதேசங்களில் வந்த தடைகள் மிகவும் பிந்தியவை, அங்கு மக்கள்தொகையும் குறைவு என்று அவையும் தள்ளப்பட்டன. திருத்தம் எழுதப்பட்ட 1791ஐப் பார்ப்பதா, மாநிலங்களை அது கட்டுப்படுத்த வழிசெய்த பதினான்காம் திருத்தம் வந்த 1868ஐப் பார்ப்பதா என்ற கேள்வியை நீதிமன்றம் முடிக்காமலே விட்டது. பள்ளி, நீதிமன்றம் போன்ற இடங்களில் தடை செல்லும், ஆனால் மன்ஹாட்டன் தீவு முழுவதையும் அப்படி அறிவிக்க முடியாது என்றது. இடையில் கிடக்கும் சுரங்க ரயில், பூங்கா, மதுக்கடைக்கெல்லாம் கீழ் நீதிபதிகள் இருநூறு ஆண்டு பழைய ஊர்ச் சட்டங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

என் கருத்தைக் கேட்டால், ஹெல்லரின் முடிவுக்கு நியாயம் சொல்ல முடியும். ப்ரூயனின் முறைக்குச் சொல்வது கடினம். ஒரு காலத்தில் ஒரு சட்டம் இல்லை என்பதற்கு, அது அரசமைப்புக்கு விரோதம் என்று கருதினார்கள் என்பது மட்டுமா காரணம்? தேவைப்படவில்லை என்பதும் காரணமாகலாம். அந்தத் தீங்கைத் தீங்காகவே அவர்கள் நினைக்கவில்லை என்பதும் காரணமாகலாம். இந்த மூன்றாவது காரணம்தான் அடுத்த வழக்கில் வந்து நின்றது.

ரஹிமி வழக்கு ஏன் அவ்வளவு பேசப்பட்டது?

2019 டிசம்பரில் டெக்சாஸின் ஆர்லிங்டனில் ஒரு வாகன நிறுத்துமிடம். ஜாக்கி ரஹிமி தன் குழந்தையின் தாயான பெண்ணைப் பிடித்துத் தள்ளி, காருக்குள் இழுத்துப்போட்டார்; பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் இருப்பதைக் கண்டு துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். 2020 பிப்ரவரியில் அந்தப் பெண்ணுக்கு நீதிமன்றப் பாதுகாப்பு உத்தரவு கிடைத்தது. அத்தகைய உத்தரவுக்கு உள்ளானவர் துப்பாக்கி வைத்திருப்பது மத்திய சட்டப்படி குற்றம். அதன் பிறகும் ரஹிமி அடுத்தடுத்துப் பல துப்பாக்கிச் சூடுகளில் ஈடுபட்டதாகக் காவல்துறை கூறியது. அவற்றில் ஒன்று, துரித உணவுக்கடையில் நண்பரின் கிரெடிட் கார்டு ஏற்கப்படவில்லை என்பதற்காக வானத்தை நோக்கிச் சுட்டது.

ப்ரூயன் அளவுகோலை எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொண்ட ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், மனைவியையோ துணையையோ அடிப்பவரிடமிருந்து ஆயுதத்தைப் பறிக்கும் சட்டம் அக்காலத்தில் இல்லை, ஆகவே இன்றைய சட்டம் செல்லாது என்று 2023இல் தீர்ப்பளித்தது. அக்காலத்தில் எப்படி இருக்கும்? மனைவியை அடிப்பதை வீட்டு விவகாரம் என்று விட்டுவிட்ட காலமல்லவா அது!

2024 ஜூன் 21 அன்று உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்று அதைக் கவிழ்த்தது. மாறுபட்டவர் ஒருவர், ப்ரூயனை எழுதிய தாமஸ். தலைமை நீதிபதி ராபர்ட்ஸ், பழைய சட்டத்தின் அச்சு அசல் நகலைத் தேட வேண்டியதில்லை, அதன் பின்னுள்ள கொள்கையைப் பார்த்தால் போதும் என்றார். மிரட்டியவரிடம் நன்னடத்தைக்குப் பிணை வாங்கும் சட்டங்களும், ஆயுதத்தோடு திரிந்து மக்களை அச்சுறுத்துவோரைத் தண்டிக்கும் சட்டங்களும் அன்று இருந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பிறர் உயிருக்குத் தெளிவான அச்சுறுத்தல் என்று நீதிமன்றம் கண்டவரைத் தற்காலிகமாக நிராயுதபாணியாக்கலாம் என்பது முடிவு. உடன்பட்ட நீதிபதிகளில் ஐந்து பேர் தனித்தனியாக எழுதினார்கள். கொள்கையை எவ்வளவு உயரத்திலிருந்து பார்ப்பது என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை.

ஏஆர்-15 வகைத் துப்பாக்கிகளைத் தடை செய்ய முடியுமா?

1994 முதல் 2004 வரை, விசையை இழுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு குண்டு பாயும் இவ்வகை அரைத்தானியங்கித் துப்பாக்கிகள் பலவற்றுக்கு மத்தியத் தடை இருந்தது, காலாவதியானபோது புதுப்பிக்கவில்லை. இப்போது சில மாநிலங்களில் தடை உண்டு. மேரிலாந்தின் தடையை எதிர்த்த வழக்கை 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொள்ள மறுத்தது. ஆனால் இன்னும் ஓரிரு ஆண்டுகளில் இந்தக் கேள்வியை எடுத்தாக வேண்டும் என்று நீதிபதி கவனா குறிப்பெழுதினார். 2017இல் லாஸ் வேகாஸ் படுகொலையில் பயன்பட்ட, அரைத்தானியங்கித் துப்பாக்கியை மிக வேகமாகச் சுடவைக்கும் பம்ப் ஸ்டாக் கருவி பற்றிய 2024 தீர்ப்பைப் பலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது இரண்டாம் திருத்த வழக்கே அல்ல. தானியங்கித் துப்பாக்கி என்ற சட்ட வரையறைக்குள் அந்தக் கருவி வராது என்பதுதான் தீர்ப்பு. நாடாளுமன்றம் நினைத்தால் வரையறையைத் திருத்தலாம்.

கறுப்பின மக்களுக்கும் இந்த உரிமை இருந்ததா?

காகிதத்திலும் இல்லாத காலம் ஒன்று இருந்தது. 1857இல் ட்ரெட் ஸ்காட் தீர்ப்பில் தலைமை நீதிபதி டேனி, கறுப்பினத்தவரைக் குடிமக்களாக ஏற்றால் என்னென்ன உரிமைகள் வந்துவிடும் என்று பயமுறுத்தும் பட்டியல் போட்டார். போகுமிடமெல்லாம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமை அதில் ஒன்று. உள்நாட்டுப் போர் முடிந்த 1865இலேயே மிசிசிப்பி, விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. பதினான்காம் திருத்தம் வந்ததற்கு இத்தகைய சட்டங்களும் காரணம் என்பதால், தனிமனித உரிமைத் தரப்பு இந்த வரலாற்றை வலுவாகப் பயன்படுத்துகிறது. மெக்டொனால்டு வழக்கைத் தொடுத்தவரே சிகாகோவின் கறுப்பின முதியவர்.

1967இல் கலிஃபோர்னியாவில் நடந்தது இன்னும் சுவையானது. ஓக்லண்டில் காவலர்களைக் கண்காணிக்க, கறுஞ்சிறுத்தைக் (பிளாக் பாந்தர்) கட்சியினர் குண்டு நிரப்பிய துப்பாக்கிகளை வெளிப்படையாக ஏந்தித் தெருவில் வந்தார்கள். அன்றைக்கு அது சட்டப்படி சரி. அதைத் தடுக்க மல்ஃபோர்டு என்ற உறுப்பினர் மசோதா கொண்டுவந்தார். கட்சியினர் துப்பாக்கிகளோடு சட்டமன்றத்துக்கே போய் எதிர்ப்புக் காட்டினார்கள். மசோதாவில் கையெழுத்திட்ட ஆளுநர் ரொனால்டு ரீகன்.

திருத்தத்தையே நீக்கிவிட முடியாதா?

முடியும், ஏட்டளவில். இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு, பிறகு 50 மாநிலங்களில் 38இன் ஒப்புதல். பதின்மூன்று மாநிலங்கள் அசையாமல் இருந்தாலே கதை முடிந்தது. இதுவரை நீக்கப்பட்ட ஒரே திருத்தம் மதுவிலக்கு; அது 1933இல். ஓய்வுபெற்ற ஸ்டீவன்ஸ் 2018இல் இரண்டாம் திருத்தத்தை நீக்கச் சொல்லி நாளேட்டில் எழுதினார். அரசியல்வாதிகள் பெரும்பாலோர் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

இந்தியாவில் இப்படி ஓர் உரிமை உண்டா?

இல்லை, ஆனால் பேச்சு நடந்திருக்கிறது. இந்தியர்கள் ஆயுதம் வைத்திருப்பதை பிரிட்டிஷ் அரசு கட்டுப்படுத்திய 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கசப்பில், 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானம் விதிமுறைகளுக்குட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் குடிமக்களுக்கு அறிவித்தது. 1948 டிசம்பரில் அரசமைப்பு அவையில் எச்.வி. காமத் அதைச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார், அம்பேத்கர் எதிர்த்தார், திருத்தம் தோற்றது. 19ஆம் பிரிவு தருவது அமைதியாக, "ஆயுதமின்றி" கூடும் உரிமையை. சீக்கியரின் கிர்பானுக்கு மட்டும் 25ஆம் பிரிவின் விளக்கத்தில் இடமுண்டு. கர்நாடகத்தின் குடகு மக்களுக்குத் துப்பாக்கி உரிமத்திலிருந்து விலக்கு இருப்பது அரசின் சட்ட விலக்குதான், அரசமைப்பு உரிமை அல்ல.

அமெரிக்காவில் விசாவில் இருக்கும் நான் துப்பாக்கி வாங்கலாமா?

கிரீன் கார்டு இருந்தால் குடிமக்களைப் போலவே வாங்கலாம். எச்-1பி, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாக்களில் வந்தவர்களுக்கு மத்திய சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. வாங்குவது மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதும் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்போருக்கு விலக்கு உண்டு. கடையில் நிரப்பும் 4473 எண் படிவம் கஞ்சாப் பயன்பாட்டையும் கேட்கும். மாநிலம் கஞ்சாவை அனுமதித்தாலும் மத்திய சட்டம் அனுமதிக்கவில்லை. போதைப்பொருள் பயன்படுத்துவோர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற மத்திய விதி செல்லுமா என்ற வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் விசாரணைக்கு ஏற்றது. சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் கடைப்பக்கம் போக வேண்டாம். பிழையான பதில் ஒன்று விசாவையே விழுங்கிவிடும்.

எங்கள் கோவிலிலோ கடையிலோ துப்பாக்கி கூடாது என்று நாங்கள் சொன்னால் அது உரிமை மீறலா?

இல்லை. திருத்தம் அரசைத்தான் கட்டுகிறது. இடத்தின் உரிமையாளரை அல்ல. ஆனால் எப்படிச் சொல்ல வேண்டும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்சாஸில் உரிமம் பெற்றவர் மறைத்து எடுத்துவருவதைத் தடுக்க, சட்டப்பிரிவு 30.06 தரும் வாசகத்தை அப்படியே ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும், ஓர் அங்குலத்துக்குக் குறையாத பெரிய எழுத்துகளில், பளிச்சென்று தெரியும் நிறத்தில் எழுதி வாசலில் மாட்ட வேண்டும். வெளிப்படையாக ஏந்தி வருவதைத் தடுக்க 30.07 என்று வேறொரு பலகை. சும்மா ஒரு துப்பாக்கிப் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்டுவைத்தால் இந்தப் பிரிவுகளின் நிபந்தனை நிறைவேறாது. ஹவாய் தலைகீழ்: பொதுமக்கள் வந்துபோகும் தனியார் இடத்தில் உரிமையாளர் வெளிப்படையாக அனுமதித்தால்தான் துப்பாக்கி உள்ளே வரலாம். அந்த விதி ப்ரூயன் சொன்ன மரபோடு ஒத்துப்போகிறதா என்ற வழக்கையும் உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.